மருத்துவத் த்ரில்லர் நாவல்கள்: காரைக்குடி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை ஆகிய ஊர்களிலிருந்து வரும் வாசகர்களோடு ஆங்கில நாவல்களைப் படித்துப் பேசும் வட்டம் ஒன்றை நடத்தி வருகிறேன். அங்கே மருத்துவத் த்ரில்லர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ அதே கேள்விகள் வருகின்றன. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று அவற்றையும் என் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

எந்த நாவலை மருத்துவத் த்ரில்லர் என்கிறோம்?

கதாநாயகர் டாக்டராக இருந்தால் மட்டும் போதாது. ஆபத்தும் மருத்துவத்துக்குள்ளிருந்து வர வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழியும் மருத்துவமாகவே இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் திருத்தப்பட்ட ஒரு நேரம், நோயோடு பொருந்தாத ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு, பிரேதப் பரிசோதனையில் இருக்கக் கூடாத ஒரு நிறம் ஆகியவையே இங்கே தடயங்கள். ஆஸ்பத்திரியில் நடக்கும் காதல் கதையையோ, டாக்டர் ஒருவர் கொலை செய்துவிட்டுத் தப்பி ஓடும் கதையையோ நான் இந்த வகையில் சேர்ப்பதில்லை.

இந்த வகை எப்போது தொடங்கியது?

டாக்டருக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள உறவு பழையது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். அங்கே அவருக்குப் பாடம் நடத்திய டாக்டர் ஜோசப் பெல், நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய தொழிலையும் ஊரையும் சொல்லிவிடும் கூர்மையுடையவர். அந்தக் கூர்மைதான் ஹோம்ஸிடம் குடியேறியது.

ஆனால் நாம் இன்று படிக்கும் வடிவம் 1960களின் இறுதியில் பிறந்தது. 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு ஒன்று, மூளை முற்றிலும் செயலிழந்த நிலையை மரணமாகக் கொள்வதற்கான அளவுகோல்களை வெளியிட்டது. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லலாம், அந்த இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தலாம் என்ற இரண்டு செய்திகளும் ஒன்றையடுத்து ஒன்று வந்து சேர்ந்தபோது, அதுவரை எந்த நாவலாசிரியருக்கும் கிடைக்காத ஒரு கேள்வி கிடைத்தது: மரணத்தை அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவரை யார் கண்காணிக்கிறார்கள்?

அந்தக் காலத்தில் ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த மைக்கேல் கிரைக்டன், படிப்புச் செலவுக்காகப் புனைபெயர்களில் த்ரில்லர்கள் எழுதிக்கொண்டிருந்தார். ஜெஃப்ரி ஹட்சன் என்ற பெயரில் 1968இல் அவர் எழுதிய ‘எ கேஸ் ஆஃப் நீட்’ குற்றப் புனைவுக்கான எட்கர் விருதைப் பெற்றது. 1969இல், அவர் எம்.டி. பட்டம் பெற்ற அதே ஆண்டில், வேற்றுலகக் கிருமியைப் பற்றிய ‘தி ஆந்த்ரமீடா ஸ்ட்ரெய்ன்’ சொந்தப் பெயரிலேயே வெளிவந்தது. 1977இல் ராபின் குக்கின் ‘கோமா’ வந்த பிறகு, இது தனி வகை என்று பதிப்பாளர்களும் வாசகர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

‘கோமா’ நாவலில் அப்படி என்ன இருக்கிறது?

இதைப் படிக்கப் போகிறவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் சென்றுவிடலாம். கதையின் முடிச்சை அவிழ்க்காமல் அதன் சிறப்பைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

பாஸ்டனில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சிறிய அறுவை சிகிச்சைக்கு வந்த நான்சி கிரீன்லி என்ற இளம்பெண் மயக்கத்திலிருந்து விழிக்கவில்லை. பிறகு முழங்கால் சிகிச்சைக்கு வந்த ஓர் இளைஞரும் விழிக்கவில்லை. இருவரும் ஆரோக்கியமானவர்கள், இருவருக்கும் சிகிச்சை நடந்தது எட்டாம் எண் தியேட்டரில். பயிற்சிக்கு வந்த மருத்துவ மாணவி சூசன் வீலர் மட்டும் இதைத் தற்செயல் என்று ஏற்க மறுக்கிறாள். நோயாளிகளின் உறுப்புகளை எடுத்து விற்பதற்காக, ஆக்சிஜன் வரும் குழாயில், கூரைக்கு மேலே யாரும் பார்க்காத இடத்தில், கார்பன் மோனாக்சைடு கலக்கப்படுகிறது என்பதைக் கடைசியில் அவள் கண்டறிகிறாள்.

குக் அந்த வாயுவைத் தேர்ந்தெடுத்தது வெறும் கற்பனையால் அல்ல. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேற்பட்ட ஈர்ப்போடு கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு எளிதில் விடுவதில்லை. சாதாரணமாக ஆக்சிஜன் குறைந்தால் ரத்தம் கருத்துப்போகும். கத்தியும் கையுமாக நிற்கும் சர்ஜன் அந்த நிறத்தைப் பார்த்தே எச்சரிக்கையாகிவிடுவார். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமோ பளிச்சென்று சிவந்தே இருக்கும். மூளை ஆக்சிஜன் இன்றிச் செத்துக்கொண்டிருக்கும்போது, மேசைமேல் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும். ஆரோக்கியத்தின் அடையாளமாக நாம் நம்பும் சிவப்பையே கொலையை மறைக்கும் திரையாக்கிய அந்த ஓர் இடத்துக்காகவே, குக்கின் தட்டையான உரையாடல்களை நான் மன்னித்துவிடுகிறேன்.

எங்கள் வட்டத்துக்கு வரும் பள்ளத்தூர் ஆச்சி ஒருவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. அவருடைய பேத்தி வாரம் ஓர் அத்தியாயமாக இந்த நாவலைத் தமிழில் சொல்லி வந்தாள். குழாய் வரும் இடத்தைச் சொன்னதும், “அந்தக் குழாயைத் தினமும் பார்க்கிறதுக்குன்னு ஒரு ஆள் கிடையாதா ஆத்தா?” என்று ஆச்சி கேட்டார். அந்த நாவலைப் பற்றி நான் படித்த விமரிசனங்கள் பலவும் தொடாத கேள்வி அது. குக் பயமுறுத்துவது பேயையோ கிருமியையோ காட்டி அல்ல; பொறுப்பாளர் யாரென்று தெரியாத ஒரு குழாயைக் காட்டித்தான்.

மறு ஆண்டே இது திரைப்படமானது. இயக்கியவர் கிரைக்டன்.

இப்படி உண்மையிலேயே நடக்குமா?

நாவலில் வருவதுபோல நடப்பதற்கான வழிகள் இன்று பெரும்பாலும் அடைபட்டிருக்கின்றன. ஆனால் இந்தப் பதிலை அவசரமாகச் சொல்லிவிட முடியாது.

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையை ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அஓயாகி 1974 வாக்கில் கண்டறிந்தார். தியேட்டர்களில் அது பரவலானது 1980களில்தான். ஆகவே ‘கோமா’ வந்த காலத்தில் மயக்க மருந்து டாக்டர் நோயாளியின் நிறத்தையும் நாடித் துடிப்பையும் மூச்சையும் பெரிதும் நம்பியிருக்க வேண்டியிருந்தது. வியப்பு என்னவென்றால், சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் உள்ளதாகவே கணக்கிட்டு நல்ல எண்ணைக் காட்டும். அதைப் பிரித்தறிய வேறு வகைக் கருவியும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். கருவி வருவதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு சூழ்ச்சி, கருவி வந்த பிறகும் அதன் கண்ணில் படாமல் தப்பிக்கும் தன்மையோடு இருக்கிறது.

உறுப்புகளைப் பொறுத்தவரை, நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இருக்கிறது. மூளைச்சாவை நான்கு டாக்டர்கள் கொண்ட குழு சான்றளிக்க வேண்டும்; குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் பரிசோதனைகளை இரண்டு முறை செய்ய வேண்டும்; உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் குழுவினர் சான்றளிப்பதில் பங்கேற்கக் கூடாது. இன்னொன்றையும் வாசகர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவிலிருந்து மீண்டவர்கள் உண்டு. முறைப்படி உறுதி செய்யப்பட்ட மூளைச்சாவிலிருந்து மீள்வது இல்லை. நாவல்களைப் படித்துவிட்டு உறுப்பு தானத்தின்மேல் சந்தேகம் கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தால் உயிர் பிழைத்தவர்கள் நம் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

இவற்றை எழுதுபவர்களில் ஏன் இத்தனை பேர் டாக்டர்கள்?

எங்கே கதவு பூட்டப்படாமல் இருக்கும் என்று வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். ராபின் குக் கண் மருத்துவர். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியபோது நீர்மூழ்கிக் கப்பலில் தன் முதல் நாவலை எழுதினார். பயிற்சி டாக்டரின் வாழ்க்கையைச் சொன்ன அந்த நூல் 1972இல் வெளிவந்து பெரிதாகப் போகவில்லை. அதன்பின் அவர் அதிகம் விற்ற நாவல்களை வரிசையாகப் படித்து, வாசகரை அடுத்த பக்கத்துக்கு இழுப்பது எது என்று ஒரு மாணவரைப் போல ஆராய்ந்த பிறகே ‘கோமா’வை எழுதினார்.

டெஸ் கெரிட்சன் ஹவாயில் டாக்டராகப் பணிபுரிந்தவர். பிரசவ விடுப்பின்போது எழுதத் தொடங்கியவர். ரஷ்யாவுக்குப் போய்வந்த முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், அங்கே அநாதைக் குழந்தைகள் காணாமற்போவதாக இரவுச் சாப்பாட்டின்போது சொன்ன ஒரு செய்தியிலிருந்துதான் 1996இல் வந்த அவருடைய ‘ஹார்வெஸ்ட்’ பிறந்தது. மைக்கேல் பாமர் மாசச்சூசெட்ஸில் பொது மருத்துவமும் அவசரச் சிகிச்சையும் பார்த்தவர். நோயாளிகளின் துன்பத்தை முடித்து வைப்பதாக நம்பிக் கொல்லும் நர்ஸுகளின் ரகசியச் சங்கத்தை 1982இல் ‘தி சிஸ்டர்ஹுட்’ நாவலில் எழுதினார். போதைப் பழக்கத்திலும் மனநோயிலும் சிக்கிய டாக்டர்களை மீட்கும் பணியிலும் அவர் நெடுங்காலம் ஈடுபட்டிருந்தார். அதனால்தானோ என்னவோ, அவருடைய நாவல்களில் தவறு செய்யும் டாக்டர்கள்கூட மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

கிரைக்டன் மட்டும் விலக்கு. பட்டம் பெற்றாரே தவிர, மருத்துவத் தொழிலுக்கு உரிமம் எடுக்கவே இல்லை.

முதலில் யாரைப் படிக்கலாம்?

கெரிட்சனின் ‘ஹார்வெஸ்ட்’ நாவலைப் படியுங்கள். பயிற்சியில் இருக்கும் இளம் பெண் டாக்டர் ஒருத்தி, வரிசைப்படி பதினேழு வயதுப் பையனுக்குச் சேர வேண்டிய இதயம் பணக்காரப் பெண்மணி ஒருவருக்குப் போகப்போகிறது என்பதை அறிந்து அதைத் தடுக்கிறாள். அவள் செய்தது சரிதானா என்று எங்கள் வட்டத்தில் சூடான விவாதம் நடந்தது. அந்தப் பெண்மணியும் சாகக் கிடப்பவர்தானே என்று பாதிப் பேர் கேட்டார்கள். அறநெறிச் சிக்கலையும் ஓட்டத்தையும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னியவர்கள் குறைவு. விஞ்ஞானம் பிடித்தவர்கள் கிரைக்டனிலிருந்து தொடங்கலாம். குக்கை மூன்றாவதாக வைப்பேன். முன்னோடி என்ற மதிப்பு அவருக்கு உண்டு. எழுத்துநடை அவருடைய பலம் அல்ல.

மருத்துவம் படிக்காதவர்களுக்குப் புரியுமா?

புரியும். தேவையானதைக் கதையே சொல்லிக்கொண்டு போகும். புரியாத நான்கு மருந்துப் பெயர்களைத் தாண்டிச் சென்றால் எதுவும் கெட்டுவிடாது.

செட்டிநாட்டு வாசகர்களை இவை ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன?

பரபரப்பு நாவல் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்களை நம் முன்னோர் ஆவலோடு படித்திருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, உயர்ந்த இலக்கியம் என்றும் மலிவான கதை என்றும் பிரித்துத் தள்ளாமல் அச்சில் வந்ததையெல்லாம் சேர்த்து வைத்தவர். நாட்டு வைத்திய நூல்களும் வெகுஜன நாவல்களும் ஒரே சேகரிப்பில் இருந்தன. 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பே சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகமாக வளர்ந்தது. மருத்துவமும் மர்மமும் அருகருகே அடுக்கப்பட்டிருந்த ஊர் நம்முடையது.

ஆனால் முக்கியமான காரணம் அதுவன்று என்றே நினைக்கிறேன். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீளும் நம் வீடுகள் பலவற்றில் இன்று வயதான ஓரிருவர்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். பெரிய சிகிச்சை என்றால் மதுரைக்குப் போகிறோம். அறுவை சிகிச்சைக்கு முந்தின மாலை, நர்ஸ் ஒரு ஃபைலோடு வந்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்து கேட்பார். அந்தச் சம்மதப் படிவம் சில பக்கங்கள் இருக்கும். உடன் வந்த தங்கை மகன் அதைச் சுவரில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். செல்போனின் மறுமுனையில் மகன், “என்ன எழுதியிருக்கு, ஒரு தடவை படிங்கண்ணே” என்று கேட்டுக்கொண்டிருப்பார். படிப்பதற்குள் ஃபைல் அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர், எல்லாம் நன்றாகவே முடியும். ஆனாலும் அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்ற கேள்வி மனத்தில் தங்கிவிடுகிறது. மருத்துவத் த்ரில்லர் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டு முந்நூறு பக்கம் போகிறது. நாம் கேட்காமல் விட்டதை யாரோ ஒரு சூசன் வீலர் நமக்காகக் கேட்டுவிடுகிறாள்.

படித்தால் அறுவை சிகிச்சையின்மேல் பயம் கூடிவிடாதா?

சிலருக்குக் கூடும்; மறைக்க மாட்டேன். ஆனால் பயத்தைக் கேள்வியாக மாற்றத் தெரிந்தால் பயன் உண்டு. உலகச் சுகாதார அமைப்பு 2008இல் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை அறிமுகப்படுத்தியது. நோயாளியின் பெயர், சிகிச்சை செய்ய வேண்டிய இடம், ஒவ்வாமை, பல்ஸ் ஆக்சிமீட்டர் வேலை செய்கிறதா, கடைசியில் பஞ்சும் கருவிகளும் எண்ணப்பட்டனவா என்று மயக்கத்துக்கு முன்பும், கத்தி வைப்பதற்கு முன்பும், தியேட்டரை விட்டு வெளியே கொண்டுபோவதற்கு முன்பும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைப் பின்பற்றிப் பார்த்தபோது, பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் மரணங்கள் 1.5இலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்தன என்று 2009இல் வெளியான ஆய்வு கூறியது. எட்டாம் எண் தியேட்டரைப் படித்தவர்கள், “இங்கே அந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்களா, டாக்டர்?” என்று மரியாதையோடு கேட்கலாம். நல்ல டாக்டர் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு இந்த நாவலை வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். வீட்டுக்கு வந்து உடல் தேறிய பிறகு கொடுங்கள்.

இந்த நாவல்களின் குறைகள் என்ன?

கடைசி அத்தியாயத்தில் வில்லன் தன் திட்டத்தை முழுவதுமாகச் சொற்பொழிவாற்றுவது பெரிய குறை. நள்ளிரவில் தனியாகப் பிணவறைக்குப் போகும் கதாநாயகி அடுத்தது. நோயாளிகள் பெரும்பாலும் படுக்கை எண்களாகவே வந்துபோகிறார்கள். அவர்களுடைய குடும்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

நம்மைத் தொடும் ஒரு குறையும் உண்டு. 2008இல் வந்த குக்கின் ‘ஃபாரின் பாடி’, சிகிச்சைக்காக டெல்லிக்கு வரும் அமெரிக்கர்கள் ஆஸ்பத்திரியில் மர்மமாக இறப்பதைச் சொல்கிறது. செலவு குறைவென்று வெளிநாட்டவர் இந்தியாவுக்குச் சிகிச்சைக்கு வருவது உண்மை. அதைக் களமாக எடுத்தது நல்ல யோசனை. ஆனால் அங்கே பணிபுரியும் நம் நர்ஸுகளின் மனம் எனக்கு அந்தப் பக்கங்களில் கிடைக்கவில்லை. அதை உள்ளிருந்து ஒருவர் எழுத வேண்டும்.

தமிழில் இத்தகைய நாவல்கள் உண்டா?

முழுமையாக இந்த வகையில் நிற்பவை மிகக் குறைவு. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களில் ராஜேஷ்குமார் மருத்துவத்தையும் விஞ்ஞானத்தையும் முடிச்சுகளாக நிறையப் பயன்படுத்தியிருக்கிறார். ‘லக்ஷ்மி’ என்ற பெயரில் எழுதி 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற திரிபுரசுந்தரி ஒரு டாக்டர். ஆனால் அவர் எழுதியது குடும்ப நாவல்கள்.

த்ரில்லர் அல்லாத ஒரு சிறுகதையையே நான் இதற்கு விடையாகச் சொல்வது வழக்கம். சுஜாதாவின் ‘நகரம்’ கதையில், மூளைக் காய்ச்சல் கண்ட மகளோடு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் வள்ளியம்மாள், சீட்டுக்கும் அறைகளுக்கும் நடுவே அலைந்து கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறாள். அதில் சதி இல்லை, வில்லன் இல்லை. எல்லோரும் தத்தம் வேலையைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கதை தரும் நடுக்கத்தைக் குக்கின் எந்த நாவலும் எனக்குத் தந்ததில்லை. தமிழில் மருத்துவத் த்ரில்லர் எழுதப்படுமானால், பாஸ்டனிலிருந்து அல்ல, இங்கிருந்துதான் அது கிளம்ப வேண்டும்.

நான் நர்ஸாக இருக்கிறேன். எழுத முயலலாமா?

தயவுசெய்து எழுதுங்கள், இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருப்பதுண்டு. டாக்டர் நோயாளியின் கட்டிலருகே சில நிமிடங்கள் நிற்கிறார். நீங்கள் இரவு முழுவதும் இருக்கிறீர்கள். டியூட்டி மாறும்போது ஒருவர் சொல்ல மறந்த ஒரு வரி, ஒரே மாதிரி லேபிள் ஒட்டிய இரண்டு ஊசி மருந்துக் குப்பிகள், அதிகாலை மூன்று மணிக்கு அலறும் மானிட்டரின் சத்தத்தை யாரோ குறைத்து வைத்திருப்பது என்று உங்கள் கைவசம் இருப்பவை எந்த வெளிநாட்டு நாவலாசிரியருக்கும் கிடைக்காதவை. உண்மையான நோயாளியின் பெயர், ஊர், நோய் விவரம் எதையும் கதையில் அப்படியே வைக்காதீர்கள், மூன்றையும் மாற்றிவிடுங்கள். வார்டு பேச்சை இலக்கணத் தமிழாக்கவும் வேண்டாம். “சிஸ்டர், ட்ரிப்ஸ் ஏறலை” என்பது அப்படியே இருக்கட்டும். முதல் அத்தியாயம் முடிந்ததும் எங்கள் வட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பள்ளத்தூர் ஆச்சி நிச்சயம் கேள்வி கேட்பார்.